20,000 ரூபாவுக்கு நல்ல பேபி கொட் கிடைக்குமா, 75,000 கொடுத்தால்தான் பாதுகாப்பா?

கேள்வி: மட்டக்களப்பில் இருக்கிறோம். இன்னும் இரண்டு மாதத்தில் முதல் பிள்ளை. கொட்டுக்கென்று 20,000 ரூபாதான் ஒதுக்க முடியும். மாமா வீட்டார் 75,000 ரூபாக் கொட் ஒன்றைக் காட்டி, "விலை கூடினதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு" என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. 75,000 ரூபாக் கொட்டில் கூடுதலாக இருப்பது லாச்சியும் சில்லும் சோடனையும்தான். பிள்ளையைக் காப்பது மூன்று விஷயம்: குத்துச்சட்டங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி, மெத்தை பொருந்துகிற விதம், சட்டங்களை இணைக்கிற பூட்டின் உறுதி. மூன்றையும் ஓர் அளவு நாடாவும் கையும் இருந்தால் கடையிலேயே சோதித்துவிடலாம். விலை கூடின கொட் எல்லாம் கூடாது என்று நான் சொல்லவில்லை. விலையைப் பார்த்துப் பாதுகாப்பைத் தீர்மானிக்காதீர்கள் என்கிறேன்.

முதலில் இடைவெளி. அமெரிக்க விதிப்படி இரண்டு சட்டங்களுக்கு நடுவில் 6 சென்டிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. ஐரோப்பிய நியமம் 4.5 முதல் 6.5 சென்டிமீற்றர் வரை விடுகிறது. நீங்கள் 6 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பிள்ளையின் கால், இடுப்பு, உடம்பு எல்லாம் வெளியே நழுவி வந்துவிடும், தலை மட்டும் வராது. கழுத்தில் தொங்குகிற நிலை அது. 6 சென்டிமீற்றர் அகலத்தில் ஒரு மரத்துண்டை வெட்டிக் கொண்டுபோய் ஒவ்வொரு இடைவெளியிலும் வைத்துப் பாருங்கள். ஒன்றில்கூட அது தாராளமாகப் புகக் கூடாது. சட்டத்தைக் கையால் இரண்டு பக்கமும் அகட்டியும் பாருங்கள். மெல்லிய சட்டம் வளைந்து கொடுத்தால் அளவு சரியாக இருந்தும் பயனில்லை.

அடுத்தது மெத்தை. நம் பக்கத்துக் கடைகளில் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான், ஏனென்றால் கொட் ஒரு கடையில், மெத்தை வேறு கடையில். வெளிநாட்டுக் கொட்டுகள் பல 120க்கு 60 சென்டிமீற்றர் உள்ளளவில் வருகின்றன. நுரை மெத்தைக் கடையில் நாலடிக்கு இரண்டடி என்று வெட்டித் தருவார்கள், அது ஏறக்குறைய 122க்கு 61. அதை அந்தக் கொட்டுக்குள் திணித்தால் நடுவில் மேடு கட்டும். மாறாக, 130க்கு 70 உள்ளளவுள்ள பெரிய கொட்டில் அதே மெத்தையைப் போட்டால் ஒரு பக்கம் முழுங்கை போகிற பள்ளம் விழும், பிள்ளை உருண்டு முகம் அதற்குள் போய்விடும். மெத்தையை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு எதிர்ப்பக்க இடைவெளியில் விரலை விடுங்கள். இரண்டு விரலுக்கு மேல் போனால் அந்தச் சோடி வேண்டாம். கொட்டின் உள்ளளவை எழுதிக்கொண்டுபோய் அதற்கேற்ப மெத்தையை வெட்டச் சொல்லுங்கள். "நாலுக்கு ரெண்டு" என்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் உடனே மேலே வர வேண்டும், கையின் அச்சு நிற்கக் கூடாது. பெரியவர்களுக்குச் சொகுசாக இருக்கிற மெத்தை பச்சைப் பிள்ளைக்கு ஆபத்து, முகம் புதைந்தால் தலையைத் திருப்ப அதற்குத் தெரியாது. 8 முதல் 10 சென்டிமீற்றர் தடிப்புப் போதும். இலவம் பஞ்சு மெத்தை கட்டி கட்டியாகி நடுவில் குழி விழும் என்பதால் கொட்டுக்கு ஒத்துவராது. ரப்பர் கலந்த தும்பு மெத்தை நல்ல கெட்டி, ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் பிடித்தால் பூஞ்சணம் மணக்கும், வெயில் கண்ட நேரமெல்லாம் வெளியே போட வேண்டும். எதை வாங்கினாலும் கடையில் சுற்றி வந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கழற்றி வெட்டிப் போட்டுவிடுங்கள். விரிப்பு நாலு மூலையிலும் இலாஸ்டிக் வைத்து, மெத்தைக்கு அடியில் 15 சென்டிமீற்றராவது மடிந்து போகிற மாதிரித் தைப்பியுங்கள். சும்மா விரித்த சீலை இரவில் சுருண்டு பிள்ளையின் முகத்துக்கு வரும்.

இப்போது 20,000 ரூபாக் கணக்குக்கு வருவோம். உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தெரிந்த ஓடாவியிடம் சொல்லிச் செய்விப்பது. முதிரை, தேக்கு என்று போனால் காசு மரத்திலேயே முடிந்துவிடும். நன்றாகக் காய்ந்த மஹோகனி போதும். பச்சை மரம் மட்டும் வேண்டாம், கச்சான் காற்று வீசத் தொடங்கினதும் முறுகிப் பூட்டுகள் வாய் பிளக்கும். கடைசல் குமிழ், செதுக்கு வேலை, சில்லு எதுவும் கேட்காதீர்கள். உள்ளளவு 124க்கு 63 சென்டிமீற்றர் என்று சொல்லுங்கள், நாலுக்கு இரண்டடி மெத்தை அதற்குள் சரியாக உட்காரும். குத்துச்சட்டம் 2.5 சென்டிமீற்றர் அகலமென்றால் நீளப் பக்கத்துக்கு 15, அகலப் பக்கத்துக்கு 7 வேண்டும். அப்போது நீளப் பக்கத்தில் இடைவெளி 5.4, அகலப் பக்கத்தில் 5.7 சென்டிமீற்றர் வரும். மரத்தை மிச்சப்படுத்த நீளப் பக்கத்துக்கு 12 சட்டம் போட்டால் அது 7.2 ஆகிவிடும். மூன்று சட்டத்தில்தான் இருக்கிறது எல்லாம். இந்த எண்களைக் கடதாசியில் எழுதி ஓடாவியின் கையில் கொடுங்கள்.

அடித்தட்டிலிருந்து மேல் சட்டம் வரை 60 சென்டிமீற்றர் உயரம் வேண்டும். செலவைக் குறைக்க ஒரே தட்டு நிலை போதும் என்று ஓடாவி சொல்லக்கூடும். சிசேரியன் ஆகிவிட்டால் முதல் மாதங்களில் தாய் அவ்வளவு தாழக் குனிந்து தூக்குவது பெரும்பாடு. ஆகவே தட்டை உயர்த்திப் பூட்ட, மேல் சட்டத்திலிருந்து 30 சென்டிமீற்றரில் இன்னொரு துளை வரிசை போடச் சொல்லுங்கள். செலவு எட்டுத் துளைதான். பிள்ளை எழும்பி இருக்கத் தொடங்கும் முன்பே தட்டைக் கீழே இறக்கிவிட வேண்டும். பிடித்து நிற்கத் தொடங்கின பிறகு இறக்குவோம் என்று காத்திருக்க வேண்டாம்.

பூட்டுக்கு மரஸ்குரூ வேண்டாம். சட்டத்தின் முனைப் பக்கமாக, அதாவது மர நாருக்கு நேராக ஏறின ஸ்குரூ, பிள்ளை நின்று ஆட்ட ஆட்டக் கழன்று வந்துவிடும். எம் 6 (6 மில்லிமீற்றர் தடிப்பு) போல்டும் குறுக்கே உருளை நட்டும் ஸ்பிரிங் வாசரும் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். கல்லடி, நாவலடி, கல்முனை என்று கடலை ஒட்டி வீடு இருந்தால் துருப்பிடிக்காத எஃகு போல்ட் கட்டாயம். மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்குகிற மரத்தில் எந்தப் பூட்டும் தளரும். மாதத்துக்கு ஒருக்கால் எல்லாவற்றையும் இறுக்குங்கள், தை பிறந்து மழை விட்டதும் இன்னொருக்கால் பாருங்கள்.

வார்னிஷ் பூசின கையோடு பிள்ளையைக் கிடத்தக் கூடாது. பல் முளைக்கிற காலத்தில் மேல் சட்டம் முழுக்கப் பிள்ளையின் வாயில்தான் இருக்கும். தண்ணீர் கலக்கிற வகை (வோட்டர் பேஸ்) வார்னிஷைப் பூசி, மூக்கை வைத்து முகர்ந்தாலும் மணம் வராத வரைக்கும் காற்றில் விடுங்கள், இரண்டு மூன்று கிழமை போகும். பிள்ளை பிறக்க முன்னம் தொட்டில் வீட்டுக்குள் வரக் கூடாது என்று உங்கள் வீட்டில் சொல்வார்களாக இருந்தால் அது நல்லதாகவே போயிற்று. இப்போதே செய்யச் சொல்லி, ஓடாவியின் பட்டறையிலேயே காய விட்டு, பிள்ளை பிறந்த 31ஆம் நாளுக்கு முன் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கண்ணாடி போட்ட பெரிய கடையில் ஒட்டியிருக்கிற விலைக்கு வாய் திறக்காமல் காசு கொடுக்கிறோம். ஓடாவியிடம் மட்டும் பேசின கூலியில், வேலை முடிந்த பிறகு, ஆயிரம் இரண்டாயிரம் குறைக்கச் சொல்லி நிற்கிறோம். அவர் என்ன செய்வார்? அடுத்த வேலையில் மூன்று சட்டத்தைக் குறைப்பார். பிறகு "நம்மட ஆட்கள்ற வேலை சரியில்லை" என்று மொரட்டுவையிலிருந்து லொறியில் வந்து இறங்குகிறதைத் தேடுகிறோம். இந்தத் தொழில் தெரிந்த பெடியன்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கூலியை முன்கூட்டியே பேசுங்கள், பேசினதைக் கொடுங்கள், அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாவது வழி பாவித்த கொட். நல்ல வழிதான், ஆனால் லண்டனிலும் கனடாவிலும் இருந்து சொந்தக்காரர் பெட்டியில் போட்டு அனுப்பின பழைய கொட்டைக் கவனமாகப் பாருங்கள். ஒரு பக்கம் மேலே கீழே ஏறி இறங்குகிற வகையாக இருந்தால் வாங்காதீர்கள், சும்மா தந்தாலும் வேண்டாம். அமெரிக்காவில் அந்த வகையை 2011 ஜூனிலிருந்து விற்கவே விடுவதில்லை. அந்தப் பக்கத்தைத் தாங்குவது ஒரு பிளாஸ்டிக் கிளிப். அது வெடித்தால் ஒரு மூலை மட்டும் கழன்று, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஆப்பு வடிவில் வாய் திறக்கும், பிள்ளை அதற்குள் இறுகிவிடும். இங்கே இன்னும் அதை ஒரு வசதி என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பாவித்ததில் வேறு பார்க்க வேண்டியவை: ஒரு போல்ட்கூடக் குறையக் கூடாது, சட்டத்தில் வெடிப்புக் கூடாது, ஊசித் துளையும் அதனடியில் மா மாதிரித் தூளும் கண்டால் உளுத்த மரம், அதை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள். பழைய பெயின்ற் உரிந்திருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், சுரண்டித் திரும்பப் பூசுகிற வேலைக்கும் போகாதீர்கள்.

வலைத்துணி வைத்த, மடிக்கிற கொட்டையும் இந்தக் காசுக்குள் சிலர் காட்டுவார்கள். அதனோடு வருகிற மெல்லிய பலகை மெத்தையைத் தவிர வேறு எதையும் மேலே போடக் கூடாது. பாவம் பிள்ளைக்கு நோகும் என்று இன்னொரு நுரை மெத்தையைப் போட்டால் ஓரத்து வலை இளகி விலகி நடுவில் பை விழும்.

40,000 பக்கம் இருப்பவர்களுக்கு இறக்குமதி ரப்பர் மரக் கொட் பரவாயில்லை. அடித்தட்டு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையா, மரச் சட்டமா என்று குனிந்து பாருங்கள். நமது ஈரத்துக்கு எம்.டி.எஃப். ஊதி நடுவில் தொய்யும், ஒருக்கால் வெள்ளத் தண்ணீர் பட்டால் அதோடு சரி. சட்டமாக இருந்தால் மெத்தைக்கு அடியில் காற்றும் போகும்.

75,000 கொடுக்க மாமா வீட்டார் மனமுவந்து வந்தால் வேண்டாம் என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. பிறகு சிறு கட்டிலாக மாறுகிற கொட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆட்டுகிற கொட் என்றால் ஆட்டத்தை அசையாமல் பூட்டுகிற ஊசி இருக்க வேண்டும். மோட்டர் வைத்து ஆடுவது, சாய்வாகக் கிடத்துவது எதுவும் பிள்ளை நித்திரை கொள்கிற இடமல்ல. சாய்வில் தலை முன்னால் விழுந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும். கூடவே தருகிற பஞ்சு ஓரத் தலையணை, தலையணை, பொம்மை, பட்டுப் போர்வை அடங்கிய செட்டைப் பிரித்து அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே அந்த ஓரத் தலையணையைத் தடுத்தார்கள். கெட்டியான மெத்தை, இறுகின விரிப்பு, மல்லாந்து கிடக்கிற பிள்ளை, கொட்டுக்குள் அவ்வளவுதான்.

ஏணையில் வளர்ந்த நாங்கள் எல்லாம் நல்லாத்தானே இருக்கிறோம் என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். ஏணையை நான் இழிவாகச் சொல்ல வரவில்லை. அழுகிற பிள்ளை அடங்க ஏணை நல்லதுதான், ஆனால் ஒருவர் பக்கத்தில் கண் வைத்திருக்கிற நேரத்துக்கு மட்டும். ஏணைத் துணியிலும் தாடை நெஞ்சோடு முட்டும் என்பதால் இரவு முழுக்கக் கிடத்துகிற இடம் அது இல்லை.

நுளம்பு வலை நம் ஊரில் தவிர்க்க முடியாதது, டெங்கு இருக்கிற இடம். கம்பி வைத்த குடை வலையைக் கொட்டுக்குள் வைக்காதீர்கள், பிள்ளை பிடித்து நிற்கத் தொடங்கினதும் தன்மேலேயே இழுத்து விழுத்தும். முகட்டிலிருந்து தொங்கவிட்டு, கொட்டுக்கு வெளியே நிலம் வரைக்கும் விழ விடுங்கள். தொங்கு கயிறு பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது. அதே காரணத்துக்காகக் கொட்டை யன்னலோடும் திரைச்சீலை நாடாவோடும் மின்விசிறி வயரோடும் ஒட்டி வைக்க வேண்டாம். உங்கள் அறையிலேயே, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், முதல் ஆறு மாதமாவது. மூலைக் கால்கள் மேல் சட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அறுத்து மட்டப்படுத்துங்கள். பஞ்சாயுதச் சங்கிலி, வசம்பு மாலை எல்லாம் அந்தக் குமிழில்தான் போய்க் கொளுவும். கிடத்த முன்னம் கழுத்தில் உள்ளதைக் கழற்றிவிடுங்கள்.

பிள்ளை மேல் சட்டத்தில் கால் போட்டு ஏற எத்தனித்த அன்றோ, உயரம் 90 சென்டிமீற்றரை எட்டின அன்றோ கொட்டின் வேலை முடிந்தது. அதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது போல்ட், நட், வாசர், அலன் கீ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடித்தட்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். பாதிப் போல்டோடு கைமாறின கொட்டைக் கட்டுக்கம்பியால் கட்டிப் பாவிக்கிற வீடுகள் நம் பக்கத்தில் கனக்க இருக்கின்றன.