சர்வர் சந்தேகம்: ரெண்டு மெஷின் போதுமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். வெளியூர் வியாபாரிகள் எங்கள் தளத்தில் டிசைனைத் தேடித்தான் ஆர்டர் போடுகிறார்கள். தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் என்ற மென்பொருள் வைத்திருக்கிறோம், ஒரே சர்வரில் ஓடுகிறது. போன மாதம் அது படுத்துக்கொண்டதில் ஒரு நாள் ஆர்டர் போச்சு. இன்னொரு சர்வர் வாங்கி இரண்டையும் கிளஸ்டராக இணைத்துவிட்டால் இனி நிற்காதுதானே?
- ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: நிற்கும். இரண்டில் எது விழுகிறது என்பதைப் பொறுத்து.

கிளஸ்டர் என்பது சேர்ந்து வேலை செய்யும் மெஷின்களின் கூட்டம், அதில் ஒவ்வொரு மெஷினும் ஒரு நோடு. அவற்றில் ஒன்று மாஸ்டர். எந்த டேட்டா எந்த மெஷினில் இருக்கிறது என்ற கணக்கு அதன் பொறுப்பு. மாஸ்டர் போய்விட்டால் மிச்சமுள்ளவை ஓட்டுப் போட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். இரண்டு பேரில் பாதிக்கு மேல் என்றால் இரண்டு பேருமேதான்! தனியாக நிற்கிற மெஷினுக்கு எதிர்ப்பக்கம் செத்துப்போனதா, நடுவில் கேபிள்தான் கழன்றுவிட்டதா என்று தெரிய வழியே இல்லை. தெரியாமல் 'இனி நான்தான் மாஸ்டர்' என்று கிளம்பி, அந்தப் பக்கமும் அப்படியே கிளம்பியிருந்தால், ஒரே கொலுசுக்கு இங்கே ஒரு விலை, அங்கே ஒரு விலை என்று பதிவாகிக்கொண்டே போகும், அப்புறம் எது சரி என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது. 2019இல் வந்த 7.0 பதிப்புக்கு முன்னால் இதைத் தடுக்க, குறைந்தது எத்தனை ஓட்டு வேண்டும் என்ற எண்ணை நாமே போட வேண்டியிருந்தது. இப்போது மென்பொருளே பார்த்துக்கொள்கிறது: இரண்டே நோடு என்றால் ஒன்றின் ஓட்டை ஓரமாக வைத்துவிடும். ஓட்டு இல்லாதது விழுந்தால் கிளஸ்டர் தப்பிக்கும், ஓட்டு இருப்பது விழுந்தால் மொத்தமும் முடங்கும்.

அதனால் மூன்றாவது மெஷின் வேண்டும். பயப்படாதீர்கள், அது பெரிய சர்வராக இருக்கத் தேவையில்லை. டேட்டா எதுவும் வைக்காமல் ஓட்டுப் போட மட்டும் ஒரு சின்ன மெஷின் போதும். பெரிய இரண்டில்தான் டேட்டா: ஒன்றில் மூல ஷார்ட் (டேட்டாவின் ஒரு துண்டு), மற்றதில் அதன் ரெப்ளிகா, அதாவது நகல். மூலத்தையும் நகலையும் ஒரே நோடில் அது வைக்காது, அதை நீங்கள் யோசிக்க வேண்டாம்.

முதல்முறை கிளப்பும்போது ஒன்று. ஆரம்ப மாஸ்டர்கள் யார் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, மூன்றிலும் அதே மூன்று பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் அதன் பெயரை மட்டும் எழுதினால் மூன்று தனித்தனி கிளஸ்டர் உருவாகும், பிறகு அவற்றை ஒட்டவைக்க முடியாது, டேட்டாவை அழித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஒருமுறை சேர்ந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு மூன்று மெஷினையும் ஒரே அறையில், ஒரே யூபிஎஸ்சில், ஒரே ஸ்விட்ச்சில் சொருகுவார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் புரிவதே இல்லை. அந்த ஸ்விட்ச் போனால் மூன்றும் ஒன்றையொன்று பார்க்காது. மூன்றையும் தனித்தனி யூபிஎஸ்சில், தனித்தனி ஸ்விட்ச்சில் வையுங்கள்.

இன்னொரு இடத்திலும் மாட்டுவீர்கள். கிளஸ்டர் நன்றாக உயிரோடு இருக்கும், ஆனால் உங்கள் தளத்தின் நிரலில் முதல் சர்வரின் முகவரி மட்டும் இருக்கும். அது விழுந்ததும் தேடலும் விழும். டேட்டா இருக்கிற இரண்டின் முகவரியையும் கொடுங்கள், அல்லது வரும் தேடல்களை உயிரோடு இருக்கிற மெஷினுக்குத் திருப்பிவிடும் லோடு பேலன்சர் ஒன்றை முன்னால் வையுங்கள் (அதையும் ஒன்றே ஒன்றாக வைக்காதீர்கள்).

ஹார்ட் டிஸ்க்கையும் கவனியுங்கள். 85 சதவீதம் நிறைந்தால் அந்த நோடுக்குப் புது ரெப்ளிகா போகாது, 95 தாண்டினால் அதில் ஷார்ட் இருக்கிற இண்டெக்ஸ்களில் (டேட்டா தொகுப்புகளில்) எழுதவே விடாது. அப்புறம், ரெப்ளிகா பேக்கப் ஆகாது. பையன் தெரியாமல் ஒரு இண்டெக்ஸை அழித்தால் நகலும் அதே நொடியில் போகும். தினமும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் தனிப் பிரதி) எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஆடிப் பண்டிகைக் கூட்டம் வருவதற்கு முன்னால், கடை மூடியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டராக இருக்கும் மெஷினின் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். தளத்தில் 'கொலுசு' என்று தேடிப் பாருங்கள். வரவில்லையென்றால் கிளஸ்டர் இன்னும் தயாராகவில்லை.

கேள்வி: சேலம் ஆபீஸில் இரண்டு நோடு, ஏற்காடு எஸ்டேட்டில் ஒன்று என்று பிரித்து வைத்தால் இன்னும் பாதுகாப்புதானே?
- ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம். ஒரே கிளஸ்டரின் நோடுகளுக்கு நடுவே அறுபடாத, வேகமான இணைப்பு வேண்டும். மலையில் மழை வெளுத்து வாங்கி மரம் விழுந்து லைன் போனால், ஏற்காட்டு நோடு தனியாக நின்று மாஸ்டரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் தவிக்கும். கீழே சேலத்திலோ ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அது வைத்திருந்த நகல்களை மற்ற நோடுகளில் மறுபடி உருவாக்க ஆரம்பிக்கும். லைன் வந்ததும் திரும்ப ஒரு சுற்று, அதுவும் அந்த மெலிந்த லைனிலேயே. மூன்றையும் சேலத்திலேயே வைத்துக்கொண்டு, ஸ்னாப்ஷாட்டை மட்டும் இரவில் மலைக்கு அனுப்புங்கள். மேலேயும் கட்டாயம் தேடல் வேண்டுமென்றால் அங்கே தனி கிளஸ்டர் போட்டு, இங்கிருந்து அங்கே பிரதி எடுக்கலாம். எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து பிரிந்து வந்த ஓப்பன்சர்ச் மென்பொருளில் அந்த வசதி இலவசம், எலாஸ்டிக்கில் காசு கட்ட வேண்டும்.

கேள்வி: ஒரே நோடுதான் வைத்திருக்கிறேன். எலாஸ்டிக்சர்ச் காட்டும் கிளஸ்டர் நிலவரம் எப்போதும் மஞ்சளாகவே இருக்கிறது. ஏதும் கோளாறா?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: கோளாறு இல்லை. ரெப்ளிகா ஒன்று என்று இருக்கும், அதை வைக்க இரண்டாவது நோடு இல்லை. எண்ணைப் பூஜ்யம் ஆக்கினால் பச்சை வந்துவிடும். சிவப்பு வந்தால் மட்டும் எழுதுங்கள்.