மூன்றாவது ஓலை

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 28. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. போன வருஷம் எனக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை எங்கள் சபைதான். பாட்டுக்குழுவில் அவர் டெனர் குரல், நான் ஆல்டோ குரல். நாலு வருஷப் பழக்கம், இரண்டு வீட்டுக்கும் சம்மதம். கோவிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை இரண்டு முறை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை ராத்திரி போன் செய்து, "ஜெபத்தில் கர்த்தர் உணர்த்தினார், இது அவர் சித்தம் இல்லை" என்றார். அவ்வளவுதான். அந்த ஞாயிறு சபைப் போதகர் ஐயர் வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார். பெண்கள் பக்கம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

11 மாதம் ஆகிறது. சித்தி, "பின்னானவைகளை மறந்து முன்னானவைகளை நாடு" என்கிறார். மன்னித்துவிட்டேன் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். அவருக்காகவும் ஜெபிக்கிறேன். ஆனால் ஆமென் சொன்ன கையோடு அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்க்கிறேன். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சியில் இப்போதும் ஒரே அறையில்தான் நிற்கிறோம். எனக்குக் குரலே வருவதில்லை. உண்மையில் மன்னித்திருந்தால் இப்படி இருக்குமா? அவருக்கு வேறு இடத்தில் பேச்சு நடக்கிறதாம். கர்த்தரே என்னை வேண்டாம் என்றுவிட்டாரோ என்று இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. அம்மா நிச்சயச் சேலையை இன்னும் பீரோவில்தான் வைத்திருக்கிறார்.

இன்னொன்று. அவர் எனக்கு ஒரு பைபிள் வாங்கிக் கொடுத்திருந்தார். முதல் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரும், கீழே "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்ற வசனமும் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. தினமும் அதைத்தான் வாசிக்கிறேன். வேதப்புத்தகத்தைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அந்த ஒரு பக்கத்தைக் கிழித்தால் பாவமா அக்கா?

பெயர் வெளியிட விரும்பாத தங்கை

அன்புத் தங்கைக்கு,

பைபிளுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த வியாழக்கிழமை போன்.

"எனக்கு மனம் மாறிவிட்டது" என்று அவர் சொல்லியிருந்தால் நீங்கள் அழுதிருப்பீர்கள், திட்டியிருப்பீர்கள், வீட்டில் நாலு நாள் அடுப்பு எரிந்திருக்காது, அப்புறம் மெதுவாக ஆறியிருக்கும். அவரோ தன் முடிவைக் கர்த்தர் வாயில் வைத்துவிட்டார். மனுஷனோடு சண்டை போடலாம், கர்த்தரோடு எப்படிப் போடுவது? 11 மாதமாக உங்கள் வழக்கு முடியாததற்குக் காரணம், கூண்டில் தப்பான ஆள் நிற்பதுதான். அவர் ஜெபித்தே இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதே என்ற கட்டளையைப் பொய்ச்சத்தியத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். சொல்லக் கூச்சமான முடிவுக்குக் கடவுள் பெயரைக் கடன் வாங்குவதும் அதில் சேர்த்திதான் என்பது என் எண்ணம். உங்களை வேண்டாம் என்றது பாட்டுக்குழுவின் ஒரு டெனர். அதற்குமேல் யாரும் இல்லை.

சித்தி சொன்ன வசனம் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். பென்யமீன் கோத்திரம், பரிசேயன் என்று தன் பெருமைகளை வரிசையாகச் சொல்லி, அதெல்லாம் நஷ்டம் என்கிறார் பவுல். நிச்சயம் முறிந்த பெண்ணை வாய் மூடச் சொல்லி எழுதியதல்ல அது. (சித்தியிடம் இதைச் சொல்லப் போகாதீர்கள், வீண் சண்டை.)

உங்களுக்கு நான் எடுத்துத் தருவது 55-ஆம் சங்கீதம். "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்" என்று வசனக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அது 22-ஆம் வசனம். அதற்கு மேலே இருக்கும் 21 வசனங்களைக் காலண்டரில் போட மாட்டார்கள். புறாவைப்போல் சிறகு இருந்தால் பறந்து போய்விடுவேன் என்று புலம்புகிறார் தாவீது. என்னை நிந்தித்தவன் சத்துரு என்றால் சகித்திருப்பேன், நீ என் தோழன் அல்லவா என்கிறார். அடுத்த வரியைப் பாருங்கள்: "நாம் ஒருமித்து, இன்பமான ஆலோசனைபண்ணி, கூட்டத்தோடே தேவாலயத்துக்குப் போனோம்." சேர்ந்து கோவிலுக்குப் போன ஆள்தான், தங்கச்சி, தாவீதையும் கைவிட்டது. அதற்கப்புறம் சாபமே போடுகிறார். இத்தனையும் கொட்டிய பிறகுதான் பாரத்தை வைத்துவிடு என்ற வரி வருகிறது.

நீங்கள் நேரே 22-க்குத் தாவிவிட்டீர்கள். கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கோபம் என்ற சொல்லே அதில் இல்லை. மன்னித்தேன் என்று 11 மாதம் சொன்ன வாயால், எனக்கு அவமானமாக இருந்தது, அந்த ஞாயிறு தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது என்று ஒரு நாளாவது ஜெபத்தில் சொன்னீர்களா? இந்த வாரம் சொல்லுங்கள். வாய்விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு. நல்ல தமிழில் சொல்ல வேண்டும் என்பதில்லை.

அவருக்காகச் செய்யும் ஜெபத்தைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். ஒரு கிறிஸ்தவ ஆலோசகர் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். அவர் பெயரைச் சொல்லி முடித்த கைதானே போனுக்குப் போகிறது? அவருக்காக ஜெபிக்க அவரைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஸ்டேட்டஸை மியூட் செய்யுங்கள். அவர் பேச்சு எங்கே நடக்கிறது என்று செய்தி கொண்டுவரும் தோழியையும்தான்.

பாட்டுக்குழுவுக்கு லீவு சொல்லிவிடுங்கள். மன்னித்தால் பக்கத்தில் நின்று பாடியாக வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. மாற்கு என்பவரை ஊழியப் பயணத்துக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்ற பேச்சில் பவுலுக்கும் அவருடைய சக ஊழியர் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு, ஒருவர் சீப்புரு தீவுக்கும் மற்றவர் சீரியாவுக்கும் போனார்கள். ஊழியம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

அந்த இரண்டு மணி முழிப்பைச் சும்மா விடாதீர்கள். சாப்பாடும் வேலையும் சேர்ந்து தடுமாறினால் அதை விசுவாசக் குறைவு என்று எண்ணாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசின் இலவச எண். தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

சரி, பைபிள். எழுதுவதற்கென்று வெறுமனே விட்ட தாள் அது, வேதம் அதற்கடுத்த பக்கங்களில்தான் தொடங்குகிறது. கிழித்தால் பாவமில்லை. ஆனால் வாசிப்பதற்கு முதலில் வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் அந்தக் கையெழுத்தைத் தாண்டித்தான் ஆதியாகமத்துக்குப் போக வேண்டும் என்றால் எப்படி ஆறும்? பழையதை, பக்கம் இல்லாமல், திடப்படுத்தல் (சபையில் முழு அங்கமாகும் சடங்கு) வகுப்புப் பிள்ளை யாருக்காவது கொடுக்கலாம். கிழிக்கிற அன்றைக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குப்பைக்கூடையில் அந்தத் தாளைத் திடீரென்று பார்த்தால் பதறிப்போவார். பீரோவில் இருக்கும் சேலையைப் பற்றியும் அன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.