அமெரிக்க அதிபரின் 'தினசரி டைரி' என்றால் என்ன?

அதிபர் ஒரு நாளில் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார், யாரைப் பார்த்தார், யாரோடு போனில் பேசினார் என்று நிமிடக் கணக்கில் குறித்துவைக்கும் பதிவுதான் இது. அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் வைத்திருக்கும் நோட்டு மாதிரி: வந்த நேரம், போன நேரம் இருக்கும், உள்ளே பேசியது இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது அதிபர் நிக்சனின் 1969 ஜூலை 20-ஆம் தேதிப் பக்கம். மற்ற குறிப்புகளுக்கு நடுவே, இரவு 11.45 வாக்கில் நிலவிலிருந்த ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரினோடு 'கிரகங்களுக்கு இடையிலான உரையாடல்' என்று ஒரு வரி!

சரி, ஏன் இவ்வளவு மெனக்கெடல்? பிற்பாடு 'அன்று என்ன நடந்தது' என்று கேள்வி வந்தால் நினைவை மட்டும் நம்ப முடியாது. 1978-ல் வந்த சட்டம் அதிபரின் அலுவல் ஆவணங்களை மக்கள் சொத்து என்றே சொல்லிவிட்டது.

டைரி என்றதும் அதிபர் மனதில் பட்டதைத் தன் கைப்பட எழுதியது என்று பலர் நினைக்கிறார்கள். பாதுகாவலர்களும் டெலிபோன் ஆபரேட்டர்களும் தரும் குறிப்புகளை வைத்து ஊழியர்கள் தொகுப்பது இது.