பாசிக்குடாப் பக்கம் விற்பனைக்கு வந்திருக்கும் காணி, வீடு முகவர் நிலையத்தை வாங்கலாமா?

உங்கள் கேள்வியில் இருப்பது இது: பன்னிரண்டு ஆண்டுகள் கட்டாரில் உழைத்த சேமிப்புடன் ஊருக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கல்குடா, பாசிக்குடாக் கரையில் நீண்ட காலமாக இயங்கும் காணி, வீடு முகவர் நிலையம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அலுவலகத் தளபாடம், பெயர்ப்பலகை, இணையத்தளம், இருநூறுக்கு மேற்பட்ட ஆதனங்களின் பதிவேடு, வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தொடர்பு ஆகியவற்றுக்கு உரிமையாளர் 85 இலட்சம் ரூபாய் கேட்கிறார், வாங்கலாமா?

நான் 2018ஆம் ஆண்டு கல்லடியில் ஏறத்தாழ இதே அளவிலான நிலையமொன்றை வாங்கி இன்றுவரை நடத்தி வருகிறேன். வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள பொருள்களுக்காக வாங்க வேண்டாம். மேசை நாற்காலியையும் இணையத்தளத்தையும் சில இலட்சங்களில் நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். எந்தக் காணிக்கு என்ன வரலாறு, அதை விற்க யார் யார் சம்மதிக்க வேண்டும் என்று அந்த உரிமையாளருக்குத் தெரிந்திருப்பதும், அவர் வாய்ச்சொல்லை நம்பிக் காணிக்காரர் உறுதியை, அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தை, எடுத்துக் கொடுப்பதும்தான் அந்தத் தொழிலின் பெறுமதி. அது உங்கள் கைக்கு மாறுமா என்பதைப் பார்த்தே விலை பேச வேண்டும்.

முதலில் பதிவேட்டைக் கேளுங்கள். நம் பகுதியில் ஒரு காணியை ஒரே முகவரிடம் மட்டும் எழுத்தில் ஒப்படைக்கும் வழக்கம் இல்லை. அதே வளவு நான்கு தரகரிடமும், சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரரிடமும், காணிக்காரரின் மைத்துனரிடமும் ஒரே நேரத்தில் விற்பனைக்கு இருக்கும். எனக்குக் கிடைத்த பதிவேட்டில் 170 காணிகள் இருந்தன. முதல் இரண்டு மாதங்களில் மோட்டார் சைக்கிளில் ஒவ்வொன்றாகத் தேடிப்போய்ப் பார்த்தபோது, ஏற்கெனவே விற்றுப்போனவை, விற்கும் எண்ணமே இல்லாதவை, ஆளையே கண்டுபிடிக்க முடியாதவை என்று கழிந்து, உண்மையில் விற்பனைக்கு நின்றவை முப்பத்தொன்றுதான். நீங்கள் பணம் கொடுக்கும் முன்பே இருபது பதிவுகளை உங்கள் விருப்பப்படி தெரிந்தெடுத்து, உரிமையாளரைக் கூட்டிக்கொள்ளாமல் நேரில் போய் விசாரியுங்கள்.

இரண்டாவது, அந்தக் காணிகள் எந்த வகை என்று பாருங்கள். பாசிக்குடா முதல் பனிச்சங்கேணி வரையிலும், தெற்கே திருக்கோவில், பொத்துவில் பக்கத்திலும் கணிசமான காணிகள் தனியார் உறுதிக் காணிகள் அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணிகள், அதாவது நாம் பெர்மிட் காணி என்று சொல்பவை. பெர்மிட் காணியை வெளியாருக்கு விற்க முடியாது. பெர்மிட்டுக்கு அடுத்த படியாக அரசு தரும் அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியையும் பிரதேச செயலாளரின் முன் சம்மதம் எழுத்தில் இல்லாமல் கைமாற்ற முடியாது. பதிவேட்டில் உறுதி, அளிப்பு, பெர்மிட் என்று பிரித்து எழுதப்படாமல் எல்லாமே "காணி" என்று இருந்தால், அவர் எதையும் சரிபார்க்காமல் எழுதி வைத்திருக்கிறார் என்று பொருள்.

உறுதிக் காணியிலும் வேலை முடிந்துவிடாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனை, பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் நிறைவேற்றப்பட வேண்டும். ஆனால் அந்த உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்படாமல் கிடந்தால், பின்னர் எழுதி முதலில் பதிந்த உறுதிக்கு முன்னுரிமை போய்விடலாம். ஆகவே எந்தக் காணிக்கும் பதிவகத்தின் ஏட்டைப் பார்க்காமல் நான் வாங்குபவரை அழைத்துப்போவதில்லை. அந்த உரிமையாளரும் அப்படிச் செய்தாரா என்பதற்கு அவருடைய கோப்புகளே சாட்சி. பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

மட்டக்களப்பில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பேரில் இருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதும் தாய், தான் இருக்கும்வரை அதில் சீவிய உருத்தை வைத்துக்கொள்வது இங்கே சாதாரணம். நான் தொழிலுக்குப் புதியவனாக இருந்தபோது ஆரையம்பதியில் ஒரு வீட்டுக்கு முற்பணம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். மகளும் மருமகனும் முழு மனதோடு விற்க நின்றார்கள். பின்கட்டிலிருந்து வந்த தாயார், "வீடு புள்ளைக்குக் குடுத்ததுதான் மனே, ஆனா நான் கண்ண மூடுறவரைக்கும் இருக்கிறத்துக்கு எழுதி வச்சிருக்கு" என்றார். உறுதியின் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது. நான் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை. மகள் அதற்குள் முற்பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்திருந்ததால், குறைந்ததை என் கையிலிருந்து போட்டு வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். வடக்கின் வழமைச் சட்டமான தேசவழமையின் முன்வாங்கும் உரிமை, அதாவது பங்காளரும் உரித்தாளரும் வெளியாருக்கு முன் தாங்கள் வாங்கக் கோரும் உரிமை, இங்கே இல்லை என்பதால் கிழக்கில் விற்பது இலகு என்று வடக்கிலிருந்து வருபவர்கள் நினைப்பதுண்டு. இங்குள்ள சிக்கல் வேறு விதம். அதைக் குடும்பங்களை அறிந்தவரிடம்தான் கற்க முடியும்.

இதோடு சேர்ந்தது இடப்பெயர்வு. போரால் ஊரைவிட்டுப் போனவர்களின் காணிகளில் மற்றவர்கள் குடியிருந்து, பத்து ஆண்டு ஆட்சியைக் காட்டி உரிமை கேட்ட வழக்குகள் பல. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இப்படி இடம்பெயர்ந்தவர்களுக்காகவே கொண்டுவரப்பட்டது. 2004 ஆழிப்பேரலையில் நாவலடி போன்ற இடங்களில் வீட்டோடு உறுதியும் எல்லைக் கற்களும் போயின. கடற்கரைக் காணி எதையும் புதிய நில அளவை வரைபடம் இல்லாமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். கட்டடம் கட்ட விரும்பி வருபவருக்கு, உயர்நீர் மட்டத்திலிருந்து உட்புறமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதையும், அதற்குள் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இனி அந்த "வெளிநாட்டு வாடிக்கையாளர்கள்". 85 இலட்சத்தில் பெரும்பகுதி இதற்காகத்தான் கேட்கப்படுகிறது என்று நினைக்கிறேன். நான் மிகக் குறைவாக மதிப்பதும் இதையே. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம், 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டு, வெளிநாட்டவருக்கும், பங்குகளில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவரிடம் உள்ள கம்பனிக்கும் காணி உரிமையைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. அவர்கள் குத்தகைக்கு எடுக்கலாம். அதுவும் 99 ஆண்டுகளுக்கு மேல் போகாது. கனடாவிலோ சுவிஸிலோ குடியுரிமை எடுத்த நம் பிள்ளைகளும், இரட்டைக் குடியுரிமை பெறாவிட்டால், காணியை விலைக்கு வாங்கும் விடயத்தில் வெளிநாட்டவரே. பலருக்கு இது தெரியாது. தெரிந்ததும் உள்ளூர் உறவினர் பேரில் எழுதலாமா என்று கேட்பார்கள். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் அப்படி எழுதப்பட்டு, பின்னர் பேர் கொடுத்தவரும் பணம் கொடுத்தவரும் பகையாகிப்போனதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்த நிலையம் இப்படிப்பட்ட ஏற்பாடுகளைச் செய்து கொடுத்திருந்தால், அவற்றின் தலையிடியும் பெயர்ப்பலகையோடு உங்களிடம் வந்து சேரும்.

கணக்கைப் பார்க்கும்போது ஆண்டு மொத்தத்தை ஏற்காதீர்கள். மாதம் மாதமாகக் கேளுங்கள். நம் கரைக்கு வெயில் காலம் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் காணி பார்க்க யாரும் வருவதில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளில் மட்டக்களப்புத் தேவாலயமும் இலக்கானது. அந்தப் பருவம் முழுவதும் எனக்கு ஒரு விற்பனையும் நடக்கவில்லை. அடுத்து 2020இல் கொரோனா, 2022இல் எரிபொருள் வரிசை. இந்த ஆண்டுகளில் அந்த நிலையம் எதைக்கொண்டு உயிர் தப்பியது என்று அறியுங்கள். உள்ளூர் ஆசிரியர்களுக்கும் அரச ஊழியர்களுக்கும் பத்துப் பேர்ச், பதினைந்து பேர்ச் வளவு விற்றும் வீட்டு வாடகை பிடித்துக் கொடுத்தும் தப்பியிருந்தால், அது நல்ல தொழில். உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் இருப்பதால், தரகுப் பணத்தை உறுதிகளோடு ஒப்பிட்டு அறிய முடியாது. வங்கிப் புத்தகமே ஆதாரம்.

சட்ட வடிவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியாள் வியாபாரமென்றால் பிரதேச செயலகத்தில் பெயரை உங்கள் பேரில் புதிதாகப் பதிய வேண்டும். கம்பனியென்றால் பங்கை வாங்கும்போது அதன் வரி நிலுவையும் ஊழியர் சேமலாப நிதிப் பாக்கியும் சேர்ந்து வரும். கையிலுள்ள முற்பணங்கள், வாடிக்கையாளரின் மூல உறுதிகள் ஆகியவற்றுக்குக் கையொப்பமிட்ட பட்டியல் வாங்குங்கள். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம் ஆதன முகவர்களுக்கும் பொருந்தும் என்பதால், வாங்குபவர், விற்பவரின் அடையாளக் கோப்புகள் ஒழுங்காக உள்ளனவா என்றும் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 85 இலட்சத்தை ஒரே தடவையில் கொடுக்க மாட்டேன். மூன்றில் ஒரு பங்கை முதலில் கொடுத்து, எஞ்சியதை அடுத்த இரண்டு ஆண்டுகளில் பழைய பதிவேட்டிலிருந்து விற்பனையாகும் காணிகளின் தரகிலிருந்து கொடுப்பதாக எழுதுவேன். அவர் ஒரு முழுப் பருவம் என்னோடு இருந்து, நொத்தாரிசு, நில அளவையாளர், கிராம உத்தியோகத்தர், கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தார் எல்லோரிடமும் என்னை அழைத்துப்போக வேண்டும். அவரோ அவருடைய நெருங்கிய உறவினரோ மூன்று ஆண்டுகளுக்கு அதே பகுதியில் இந்தத் தொழிலைத் தொடங்கக் கூடாது என்றும் எழுதுங்கள். எனக்கு விற்றவரின் உறவினர் ஒருவர் ஆறு மாதத்தில் அடுத்த தெருவில் அலுவலகம் திறந்தார், என் ஒப்பந்தத்தில் அதைத் தடுக்க ஒரு வரியும் இருக்கவில்லை. இந்த நிபந்தனைகளுக்கு அவர் சம்மதித்தால் அவருடைய தொழிலில் அவருக்கே நம்பிக்கை இருக்கிறது. மறுத்தால், 20 இலட்சத்துக்குள் வாழைச்சேனையில் ஓர் அறை எடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

எந்த முடிவென்றாலும் கார்த்திகை, மார்கழி வரை பொறுத்திருங்கள். மழை விடாது பெய்யும் ஒரு வாரத்தில் அந்தப் பதிவேட்டிலுள்ள பத்துக் காணிகளுக்குச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போங்கள். வாவிப் பக்கத்து வளவுகளில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எந்தப் பாதை அறுந்துபோகிறது என்று பார்த்து, அதே விவரம் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிட்டுவிட்டு உரிமையாளரிடம் விலை பேசப் போங்கள்.