லட்சுமிக்குப் பிரசவம் என்று லீவு கேட்டவருக்கு

"லட்சுமிக்கு வலி வந்துருச்சு"ன்னு மேலாளரிடம் சொல்லி லீவு வாங்கிவிட்டீர்கள், ஆடு இரட்டைக் குட்டி போட்டாயிற்று, ஆனால் அலுவலகமே உங்கள் குழந்தைக்குத் தொட்டில் வாங்கக் காசு வசூலிக்கிறது, எப்படிச் சொல்வது என்று கேட்கிறீர்கள். இன்றைக்கே சொல்லிவிடுங்கள் சார். தாயும் குட்டிகளும் இருக்கிற படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இதுதான் லட்சுமி" என்றால் போதும், நீளமாக விளக்கம் எழுதினால்தான் பொய் சொன்ன மாதிரி தெரியும். காசைத் திருப்பிக் கொடுங்கள், ஸ்வீட் உங்கள் செலவு. கேலி கொஞ்ச நாள் ஓடத்தான் செய்யும்.

அடுத்த முறை கிடாய் சேர்ந்த தேதியைக் குறித்து வையுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள், ஐந்து நாள் முன்பின் ஆகலாம், அந்த வாரத்துக்கு முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்துவிடலாம், காரணம் "ஆடு குட்டி போடுகிறது" என்றே.

அப்புறம், மீட்டிங்கில் பேசும்போது பின்னால் யாரையோ அடிக்கிற மாதிரி அலறல் கேட்கிறது என்றார்களாமே, அது உங்கள் இன்னொரு ஆடு பருவத்துக்கு வந்திருப்பதாக இருக்கலாம். சினை பிடிக்காதவரை சுமார் 21 நாளுக்கு ஒரு தடவை, ஒன்றிரண்டு நாள் இப்படிக் கத்தும். அதுவரை மைக்கை அணைத்தே வையுங்கள்.