இலையுதிர் கால சென்சரி கிட்: ஒன்றரை வயதுக்கு வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. ஆன்லைனில் இலையுதிர் கால சென்சரி கிட் (தொட்டும் பிசைந்தும் சத்தம் கேட்டும் விளையாடும் பொருட்களின் பெட்டி) ஒன்று பார்த்தேன். காய்ந்த இலைகள், பைன் கூம்புகள், ஓக் கொட்டைகள், ஆரஞ்சு நிற வாட்டர் பீட்ஸ் (தண்ணீரில் ஊறும் குட்டி ஜெல் மணிகள்), குட்டி பிளாஸ்டிக் பூசணிகள், மரக் கரண்டி எல்லாம் இருக்கின்றன. 3+, அதாவது 3 வயதுக்கு மேல், என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் இவள் படு சுட்டி. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 3+ சுட்டித்தனத்தைப் பார்த்துப் போடுவதில்லை. 3 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருளை இருக்கிறது. ஒரு பாகம் அதற்குள் முழுசாக அடங்கினால் தொண்டையில் சிக்கக்கூடிய அளவு என்று கணக்கு. டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய் அதைவிடக் கொஞ்சம் அகலம், வீட்டில் அளக்க அது போதும். உள்ளே நுழைகிற எதையும் கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன பட்டியலில் ஓக் கொட்டையும் குட்டிப் பூசணியும் இதிலேயே அடிபட்டுவிடும் என்று நினைக்கிறேன்.

வாட்டர் பீட்ஸ் இன்னும் மோசம். காய்ந்திருக்கும்போது கடுகு அளவுதான், தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதும், விழுங்கினால் குடலுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்யும், அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகலாம். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால் விழுங்கிய சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய், என்ன விழுங்கியிருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்டியில் 'நச்சற்றது' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். விஷம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், ஊதும் என்பதை யார் எழுதுவது?

கேள்வி: அப்படியானால் எதற்குத்தான் காசு செலவழிக்கலாம்?

பதில்: அகலமான, விளிம்பு உயர்ந்த ஒரு டிரே, பெரிய கரண்டி ஒன்றிரண்டு. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மரத்தடியில் கிடக்கிறது, அதைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். புதிதாக உதிர்ந்த இலைகளையும் நன்றாகக் காய்ந்தவற்றையும் கலந்து கொட்டினால் ஒன்று வளையும், இன்னொன்று நொறுங்கும். அந்தச் சத்தத்துக்காகவே குழந்தைகள் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். மருந்து தெளித்த இடத்து இலை மட்டும் வேண்டாம். உள்ளங்கை அளவு பைன் கூம்பு கிடைத்தால் விடாதீர்கள்: ஈரம் பட்டால் செதில்கள் மூடிக்கொள்ளும், காய்ந்தால் திறக்கும். தண்ணீர் வைத்தால் நகராமல் பக்கத்திலேயே இருங்கள், சில அங்குல ஆழம்கூட இந்த வயதுக்கு ஆபத்து. முழுப் பூசணியை மேலே வெட்டி, விதைகளை நீங்கள் எடுத்துவிட்டு, வழுவழுப்பான நாரை அவள் கையில் பிசையக் கொடுக்கலாம், முகம் சுளிப்பாள், அதுவும் விளையாட்டுதான். பூஞ்சை தெரிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மாவு பிசைந்து ஆரஞ்சு நிறம் கலந்து கொடுக்கலாமா? இவள் எதையும் வாயில் வைப்பாள்.

பதில்: வாயில் வைக்கிற குழந்தைக்கு வேகவைக்காத மாவு வேண்டாம், அதில் சால்மொனெல்லா, ஈ. கோலை கிருமிகள் இருக்கலாம். உப்பு நிறையப் போட்ட மாவை விழுங்கினால் உடலில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கடையில் வாங்கும் பிளே-டோ என்ற விளையாட்டு மாவில் கோதுமை உண்டு, ஒவ்வாமை இருந்தால் கவனம். ட்ரேயை நிரப்பக் காய்ந்த பயறு, சோளம் போடச் சொல்வார்கள். மூக்கில் போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊறிப் பருக்கும், எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டேன். விளம்பரப் படத்தில் இருப்பது கைக்குழந்தை!

பதில்: படத்தையும் 3+ என்ற வரியையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விற்பவர் பிறகு மாற்றிவிடலாம். பெட்டி வந்தால் பிரிக்காதீர்கள், பிரித்ததைத் திருப்பி எடுக்கப் பல கடைகள் மறுக்கும். படமும் வயதும் முரண்படுகின்றன என்று எழுதிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் தளத்தின் புகார் பகுதியில் அதே படங்களுடன் போடுங்கள்.