லாரி டயருக்குத் தானாகக் காற்றடிக்கும் அமைப்பு: மாட்டிவிட்டால் காற்றே பார்க்க வேண்டாமா?

லாரியின் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லரில், ஓடும்போதே டயருக்குத் தானாகக் காற்றடிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. ஓயாமல் சுற்றும் சக்கரத்துக்குள் காற்றுக்குழாய் முறுக்கிக்கொள்ளாமல் எப்படிப் போகிறது என்பது ஒன்று. இதை மாட்டிய பிறகு டயரில் காற்று பார்க்கும் வேலையே இல்லையா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: பார்க்கத்தான் வேண்டும். டிரெய்லர் பராமரிப்பில் சில வருடங்கள் கை கறுத்தவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரெய்லரில் இதற்கென்று தனிப் பம்பு கிடையாது. ஏர் பிரேக்குக்காக எஞ்சினோடு ஓடும் கம்ப்ரசர், டிரெய்லரின் டேங்கில் காற்றை நிரப்பி வைக்கிறது அல்லவா? அதிலிருந்தே டயருக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். "டயர் கிழிந்தால் பிரேக் காற்றும் போய்விடுமே!" என்றுதான் எல்லோரும் முதலில் பயப்படுவார்கள். நியாயமான பயம். அதனால்தான் டேங்கிலிருந்து கிளம்பும் இடத்திலேயே ஒரு பாதுகாப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். டேங்கின் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே, பெரும்பாலும் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அருகில், இறங்கினால் அது மூடிக்கொள்ளும். பிரேக்குக்குப் போக மிச்சம்தான் டயருக்கு.

அதைத் தாண்டி ஒரு ஃபில்டர், அப்புறம் ரெகுலேட்டர். ரெகுலேட்டரில் 100 பிஎஸ்ஐ என்று வைத்தால் எல்லா டயரையும் அந்த அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். அங்கிருந்து காற்று ஆக்சிலுக்குள், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்குள், போகிறது. டிரெய்லர் ஆக்சில் உள்ளே வெறும் குழல்தான், அது சுற்றுவதில்லை. அதன் முனையில் சக்கரம் மாட்டியிருக்கும் ஹப் மட்டுமே சுற்றும். நிற்கும் பாகமும் சுற்றும் பாகமும் சந்திக்கும் அந்த முனையில் ஒரு சுழல் இணைப்பு இருக்கிறது. புல்வெளிக்குச் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அடிக்குழாய் அசையாது, தலை மட்டும் சுழலும், நடுவில் ஒரு சீல். இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு முனையிலும் இரண்டு டயர்கள் ஜோடியாக இருக்கும். ஹப் மூடியிலிருந்து உள் டயருக்கு ஒன்று, வெளி டயருக்கு ஒன்று என இரண்டு குழாய்கள் போகும். இரண்டிலும் காற்றைத் திரும்ப விடாத வால்வுகள் இருப்பதால், ஒரு டயர் வெடித்தாலும் ஜோடி டயரின் காற்று போகாது.

கெட்டிக்காரத்தனமும் பலவீனமும் அந்தச் சுழல் இணைப்பில்தான் இருக்கின்றன. ஒருமுறை ஒரு டிரெய்லரில் ஹப்பின் உள்பக்கம் ஆயில் வழிகிறது என்று, அதை வெளியே விடாமல் தடுக்கும் ஆயில் சீலை மாற்றினோம். ஒரு வாரத்தில் மறுபடி வழிந்தது. மாற்றியவரின் கைவேலையைத்தான் முதலில் எல்லோரும் குறை சொன்னோம். பிறகுதான் தெரிந்தது: சுழல் இணைப்பின் சீல் தேய்ந்து, காற்று ஹப்புக்குள் கசிந்துகொண்டிருந்தது. அப்படிக் கசிந்தால் வெளியேறுவதற்கு ஹப் மூடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதைச் சேறு அடைத்துவிட்டது. போக வழியில்லாத காற்று ஆயில் சீலைத் தள்ளிவிட்டது, ஆயில் பிரேக் லைனிங்கில் போய்ச் சேர்ந்தது. டயருக்காக மாட்டியது பிரேக்கைக் கெடுத்த கதை.

சரி, இவ்வளவு சிக்கல் எதற்கு என்றால், உள் டயருக்காக. இரண்டு ஆக்சில் டிரெய்லரில் எட்டு டயர்கள், அதில் நான்கு உள்ளே ஒளிந்திருக்கும். அவற்றின் வால்வில் அழுத்தம் பார்க்கும் கேஜை வைக்க யாருக்கும் பொறுமை இருக்காது. கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். முழுக்க இறங்கிய டயரைக் காது கண்டுபிடிக்கும். 100-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. ஆனால் காற்று குறைந்த டயரின் பங்குச் சுமையைப் பக்கத்து டயர் சுமக்கும், குறைந்ததன் பக்கச்சுவரோ மடங்கி மடங்கிச் சூடேறும். ஜோடியைச் சமமாக வைத்திருப்பதற்காக மட்டுமே இந்த அமைப்பை வாங்கலாம் என்பேன்.

ஆனால் இது பஞ்சரை ஒட்டாது, மறைக்கும். ஆணி குத்திய டயர் வழி முழுக்க 100 பிஎஸ்ஐயிலேயே ஓடும். ராத்திரி டிரெய்லரைக் கழற்றி நிறுத்தினால் காற்று வரத்து நின்றுவிடும், காலையில் டயர் இறங்கிக் கிடக்கும். மறுபடி லாரியை மாட்டியதும் டிரெய்லரின் முன் மூலையில் ஒரு விளக்கு எரியும். டயருக்குக் காற்று போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், கண்ணாடியிலேயே தெரியும். அது அணையும்வரை காத்திருக்காமல் கிளம்புவதுதான் தப்பு. டயருக்குப் பரிந்துரைத்த அழுத்தத்தில் 80 சதவீதத்துக்கும் கீழே ஓடிய டயரைக் காற்றில்லாமல் ஓடியதாகவே கருதி, கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். பக்கச்சுவரின் எஃகு இழைகள் களைத்திருந்தால், திரும்பக் காற்று ஏற்றும்போது ஜிப் பிரிவதுபோல் வெடிக்கும். பட்டறையில் அப்படிப்பட்ட டயரைக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிப்பது இதனால்தான். தானியங்கி அமைப்புக்குக் கூண்டும் தெரியாது, டயரின் பூர்வீகமும் தெரியாது. கசிவு மிக மெதுவாக இருந்தால் விளக்கு எரியாமலே போகவும் கூடும்.

இன்னொன்று, சாதாரண வகைகள் காற்றை ஏற்றும், இறக்காது. 100 பிஎஸ்ஐ டயரில் 10 டிகிரி செல்சியஸ் மாறினால் சுமார் 4 பிஎஸ்ஐ மாறும். குளிர்ந்த மலையில் நிரப்பிக்கொண்டு வெயிலுக்கு இறங்கினால் அந்த அளவு கூடுதலாகவே இருக்கும். அதிகத்தை வெளியேற்றிச் சமன் செய்யும் வகைகளும் உண்டு. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே ஏற்றி இறக்குவது வேறு சாதி. இரண்டாம் உலகப் போரில் நீரிலும் நிலத்திலும் ஓடிய அமெரிக்க டக் லாரியிலேயே அது வந்துவிட்டது, கடற்கரை மணலில் சிக்காமலிருக்க.

எஞ்சின் சக்தி போகும் பின் ஆக்சிலில் நடுவே ஷாஃப்ட் சுற்றுவதால் மேலே சொன்ன வழி சுலபமில்லை. அங்கே ஹப்பில் திருகும் தனிப் பம்புகள் வந்திருக்கின்றன. உள்ளே ஒரு எடை ஊசல்போல் கீழேயே தொங்கி நிற்கும், சக்கரம் அதைச் சுற்றிச் சுழலும்போது பம்பு இயங்கும்.

கடைசியாக நாங்கள் செய்த ஒரு வேலை. டிரெய்லர் பட்டறைக்குள் வந்ததும் இந்த அமைப்பின் ஷட்-ஆஃப் வால்வை மூடிவிட்டு, எட்டு டயரிலும் அளவெடுத்துச் சாக்பீஸால் டயரிலேயே எழுதிவிடுவோம். மறுநாள் காலை மறுபடி அளவெடுப்போம். முதல் வாரமே மூன்று ஆணிகள் கிடைத்தன, மூன்றும் உள் டயரில்.